ஆட்டுக்கருவிக்கும் பெயர் எழுதிய பாவாணர்

திருவண்ணாமலையில் இரமணாசிரமத்தை ஒட்டிய பகுதியில் அயல்நாட்டார் நடமாட்டம் மிகுதி. ஒரு மாலைப்பொழுதில் அங்குள்ள திடலொன்றில் சிறுவர் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தனர். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர் அருகில் நின்ற என்னிடம் அச்சிறு கட்டையின் பெயரை வினவினார். அகராதியில் கண்டிருந்த டிப்கேட் என்னும் சொல்லைக் கூறினேன். அவர் அதனைக் கேள்வியுற்றதே இல்லை! அவர் நாட்டுத் தெருக்களில் ஒருகாலத்தில் இதே ஆட்டம் அப்பெயரால் வழங்கியது. இருமுனையும் கூரிய கட்டையை அவர்கள் பூனை என்றனர். நாம் புள், அதாவது பறவை, என்றோம். ஆட்டம் மறையவே பெயரும் அகராதிக்குள் ஒடுங்கிற்று. கோலிக்குண்டைக் குறித்த டா, ஆலி முதலிய சொற்களும், இறகுப்பந்து மட்டைக்குரிய பாட்டில்டோர் என்பதும் அவ்வாறே அருகின.

தமிழ் ஆட்டங்களுக்கு இந்நிலை நேருமுன் அவற்றை ஏட்டில் ஏற்றியவருள் முதன்மையானவர் மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் ஆவார்.

1902 பிப்ரவரி 7ஆம் நாள் சங்கரன்கோவிலில் ஞானமுத்து, பரிபூரணம் இணையர்க்கு மகனாகப் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவரைத் தமக்கையார் ஆம்பூரில் வைத்து வளர்த்தார். அன்றைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் திருவண்ணாமலையும் ஆம்பூரும் ஒன்றாக அடங்கியிருந்தன. ஆகவே அவர் நம் மண்ணின் பிள்ளையும் ஆவார். உருது வழங்கும் ஆம்பூர்த் தெருக்களில் இதே ஆட்டம் கில்லி தண்டா எனப்படும். தெருவுக்கொரு பெயர் வழங்குவதைச் சிறுவயதிலேயே அவர் செவியுற்றிருத்தல் கூடும் என்பது என் எண்ணம்.

ஆம்பூரில் தாம் பயின்ற பள்ளியிலேயே பின்னர் ஆசிரியராகவும் பணியாற்றினார். 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதத் தேர்வில் வென்றார். சென்னை, மன்னார்குடி, திருச்சி எனப் பல ஊர்ப் பள்ளிகளில் பணி தொடர்ந்தது. 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். பெருஞ்சித்திரனார் அங்கு அவர்தம் மாணவர்.

சேலத்து நாள்களில்தான், 1954இல், தமிழ்நாட்டு விளையாட்டுக்கள் என்னும் நூல் வெளிவந்தது. பெரும்புலவர் ஒருவர் கோலியையும் சில்லாங்குச்சையும் பொருட்டாக எண்ணி எழுதுவது அன்று புதுமை. ஆடுவோர் தொகை, ஆட்டுக்கருவி, ஆடிடம், ஆடுமுறை என வகுத்துக்கொண்டு, சட்டநூல் எழுதுவார்போல் எழுதிச் சென்றார். ஆண்பாலார் ஆட்டு, பெண்பாலார் ஆட்டு, பகலாட்டு, இரவாட்டு எனப் பிரித்தார். கிட்டிப்புள் வேறூரில் சில்லாங்குச்சு ஆவது போன்ற வட்டார வழக்குகளை அவர் கொச்சையெனத் தள்ளவில்லை. நூலைக் கையில் வைத்துக்கொண்டு, பார்த்தறியாத ஆட்டத்தையும் ஆடிவிடலாம். அவருடைய பெருநூல்களைக் காட்டிலும் இச்சிறு நூலையே நான் மாணவர்க்கு முதலில் தருவது வழக்கம்.

உலகமொழிகட்கெல்லாம் தமிழே மூலம் என்னும் அவர் முடிபை மொழியியலார் பலர் ஏற்பதில்லை. எனக்கும் அதில் தயக்கமுண்டு. ஆயினும் சென்னைப் பல்கலைக்கழக அகராதியில் விடுபட்ட வழக்குச் சொற்களை அவர் சுட்டிக்காட்டியதை எவரும் மறுத்தல் இயலாது.

1956இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றவர் 1961இல் அங்கிருந்து விலகினார். பின்னர் நிலையான ஊதியம் இல்லை. காட்பாடியில் வாழ்ந்துகொண்டு நூல்கள் எழுதினார். 1963இல் துணைவியார் நேசமணியும் மறைந்தார். அகரமுதலி ஒன்று தொகுக்கும் வேட்கை மட்டும் தணியவில்லை. 1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை அமைத்து அவரை இயக்குநராக்கியபோது அவருக்கு அகவை 72. பிறர் ஓய்ந்திருக்கும் பருவத்தில் அவர் தொடங்கினார்.

1981 சனவரியில் மதுரையில் கூடிய ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றினார். சில நாள்களில், அம்மாத நடுவில், அந்நகரிலேயே உயிர்நீத்தார். அகரமுதலியின் முதல் மடலம் 1985இல் அச்சாயிற்று. எஞ்சிய மடலங்களைப் பின்வந்தோர் முடித்தனர்.