இடையன்குடி கால்டுவெல் ஐயர்

ஜார்ஜ் டவுனில் ஃபார்க்குவார் தெரு வழியாகப் போனவர்கள் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயிண்ட் ஜார்ஜ் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 1818ஆம் ஆண்டில் கட்டி முடித்த கோயில் அது. அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1816ல், ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் பினாங்கு ஃபிரீ ஸ்கூலைத் தொடங்கினார். இந்த நாட்டில் தமிழ்க் கல்வியின் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணி வருகிறோம். 2016ல் இருநூறு ஆண்டு நிறைந்ததென்று விழாவும் கொண்டாடினோம்.

அதே ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த இன்னொரு பாதிரியாரின் வாழ்க்கையை இந்தப் பரிசளிப்பு விழா மலரில் பெற்றோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். அவர் வேலை செய்தது பட்டணத்தில் அல்ல. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், கடலுக்குப் பக்கத்தில், செம்மணலும் பனைமரமுமாகக் கிடந்த இடையன்குடி என்ற சின்னக் கிராமத்தில். அவர் பெயர் ராபர்ட் கால்டுவெல். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரிமாரை ஐயர் என்று கூப்பிடுவது வழக்கம். ஆகவே ஊர் சனங்களுக்கு அவர் கால்டுவெல் ஐயர்.

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் தேதி அயர்லாந்து நாட்டில் பிறந்தார். தாய் தகப்பன் ஸ்காட்லாந்துக்காரர்கள். பெரிய வசதி கிடையாது. அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்குக் குடிபோனது. வாலிபத்தில் டப்ளின் நகரில் ஓவியம் படித்தார். படம் வரைந்தே பிழைத்துக்கொள்வார் என்றுதான் வீட்டார் எண்ணியிருப்பார்கள். ஆனால் அவருடைய மனம் சமய ஊழியத்தின் பக்கம் திரும்பிவிட்டது. 1834ல் லண்டன் மிஷன் சங்கத்தில் சேர்ந்தார். சங்கம் அவரைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியர் ஒருவருடைய பாடங்களைக் கேட்டபோதுதான், ஒரு மொழியை இன்னொரு மொழியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை அவருக்குப் பிறந்தது. வகுப்பறையில் விழுந்த அந்த ஒரு விதை பிறகு எவ்வளவு பெரிய மரமாயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1838 ஜனவரி 8ஆம் தேதி கால்டுவெல் சென்னையில் கப்பலை விட்டு இறங்கினார். வயது 23. மூன்று வருடத்துக்கு மேலாகச் சென்னையிலேயே இருந்து தமிழ் படித்தார். 1841ல் லண்டன் மிஷனை விட்டு ஆங்கிலிக்கன் சபையின் எஸ்.பி.ஜி. மிஷனில் சேர்ந்தார். திருநெல்வேலிக்குப் போகும்படி அவருக்கு உத்தரவாயிற்று.

அந்த நாளில் வெள்ளைக்காரர் தூரப் பயணம் போனால் பல்லக்கிலோ குதிரையிலோ போவார்கள். கால்டுவெல் நடந்தே போனார். சென்னையிலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து நீலகிரி மலை, பிறகு மதுரை, அப்புறம் திருநெல்வேலி என்று சுற்றி, நூற்றுக்கணக்கான மைலைக் கால்நடையாகவே கடந்தார். சனங்களைப் பார்க்க வேண்டும், அவர்கள் பேசுகிற தமிழைக் காதால் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். நடந்து வருகிற வெள்ளைக்காரனை எவன் மதிப்பான்? வழியில் தங்க இடம் கிடைக்காமல் சிரமப்பட்டதும் உண்டு. அந்த 1841ஆம் ஆண்டு முடிவதற்குள் இடையன்குடி வந்து சேர்ந்தார்.

ஊர் எப்படி இருந்தது? காற்றடித்தால் செம்மணல் பறக்கும். அந்த மணல்மேட்டைத் தேரி என்பார்கள். நெல் விளையாத பூமி. பனைதான் சோறு போட்டது. ஆண்கள் விடியுமுன் எழுந்து பனையேறப் போவார்கள். பதநீர்க் காலத்தில் ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். பெண்கள் அந்தப் பதநீரை வெயிலில் அடுப்பெரித்துக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். கை வழுக்கினால் உயிர் போய்விடும். அப்படியும் வயிறு நிறையாது. இருட்டிலே எழுந்து பெரட்டுக்குப் போய், பால்மரத்துக்கும் செம்பனைக்கும் உழைத்த நம் தோட்டத்து மக்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மரம்தான் வேறு. பாடு ஒன்றேதான்.

கால்டுவெல் வந்தபோது அங்கே ஒரு சிறு கிறிஸ்தவ சபை ஏற்கனவே இருந்தது. குடிசைகள் ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. ஓவியம் படித்த கை அல்லவா! அவரே திட்டம் வரைந்து, நிலம் வாங்கி, நேரான அகலமான தெருக்களாக ஊரைத் திருத்தினார். கிணறு தோண்டினார்கள். மரம் நட்டார்கள். பள்ளிக்கூடம் வைத்தார்கள். காலையும் மாலையும் கோயில் மணி அடித்தால் சனங்கள் கூடினார்கள். மணியோசை கேட்கிற தூரத்தில்தான் பள்ளிக்கூடமும் இருந்தது. பிரசங்கத்தைக் கேட்டால் மட்டும் போதாது, புத்தகத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்பது அந்த மிஷனின் கொள்கை. ஆகவே கோயிலுக்கு வந்தவன் வீட்டுப் பிள்ளை எழுத்தும் கற்றது.

1844ல் கால்டுவெல் நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட் என்பவரின் மகள் எலைசாவைக் கலியாணம் செய்தார். அந்த அம்மாள் நாகர்கோவில் பக்கத்திலேயே வளர்ந்தவர். தமிழ் அவருக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். அவர் இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்கு போர்டிங் பள்ளி நடத்தினார். பொம்பளைப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று நாடு முழுக்கக் கேட்ட காலம் அது. படிப்போடு லேஸ் பின்னும் தொழிலையும் சொல்லிக் கொடுத்தார். பெண்கள் கையிலே சொந்தச் சம்பாத்தியமாக நாலு காசு புழங்கிற்று. ஐயரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அம்மாளை மறந்துவிடுகிறார்கள். அது நியாயமல்ல.

இனி அந்தக் கோயிலின் கதை. இடையன்குடியில் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு 1847ல் அடிக்கல் நாட்டினார்கள். கட்டி முடித்துப் பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை 6ஆம் தேதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், பிள்ளைகளே: முப்பத்து மூன்று வருடம்! ஏழை ஊர். பணம் வந்தபோது சுவர் ஏறும். பணம் தீர்ந்தால் வேலை நிற்கும். அடிக்கல் நாட்டின நாளில் கைக்குழந்தையாக இருந்தவன், பிரதிஷ்டை நாளில் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பான். இடையிலே கால்டுவெல்லுக்கு எத்தனையோ முறை உடம்பு கெட்டது. ஆனால் வேலையைக் கைவிடவில்லை.

இந்தக் கிராமத்து வாழ்க்கைக்கு நடுவில்தான் அவருடைய பெரிய நூலும் உருவாயிற்று. காலையில் சபை வேலை, பகலில் பள்ளிக்கூடம், வழக்கு வம்பு, நோயாளிகள். மிச்ச நேரத்தில் மொழி ஆராய்ச்சி. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு ஆகியவை ஒரே குடும்பத்து மொழிகள், வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்பதை இலக்கண விதிகளைக் கொண்டே காட்டினார். 1816லேயே சென்னையில் எல்லிஸ் துரை இந்தக் கருத்தைச் சொல்லியிருந்தார். அதை முழு நூலாக விரித்து உலகத்து அறிஞர்கள் ஏற்கும்படி நிலைநாட்டியவர் கால்டுவெல். அந்தத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856ல் லண்டனில் வெளிவந்தது. 1875ல் திருத்திய பதிப்பும் வந்தது. அந்த நூலில் நம் ஊரின் பெயரும் இருக்கிறது. பெகு, பினாங்கு, சிங்கப்பூர் முதலிய கிழக்குத் தேசங்களில் காணப்படும் இந்துக்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்று அவர் குறித்து வைத்திருக்கிறார். நம் முன்னோர் மண்வெட்டியும் கையுமாகக் கரும்புக் காட்டில் நின்ற காலத்தில், அவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இத்தோடு முடித்துவிட்டால் இது வெறும் புகழ்ச்சியாகிவிடும். மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு.

1849ல் கால்டுவெல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். தம்மைச் சுற்றியிருந்த பனையேறும் மக்களின் வழிபாட்டையும் குணத்தையும் பற்றிய நூல். சீமையில் இருப்பவர்கள் வாசித்து உதவி செய்ய வேண்டுமென்று ஆங்கிலத்தில் எழுதினார். அதில் அந்த மக்களை அறிவு மழுங்கியவர்கள் போலவும் தாழ்ந்தவர்கள் போலவும் எழுதிவிட்டார். உதவி செய்ய வந்தவர்தான். ஆனாலும் ஏழைகளைப் பார்க்கும்போது அவர்களுடைய வறுமை தெரிந்த அளவுக்கு அவர்களுடைய மானம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த எழுத்து பிறகு ஊருக்குத் தெரிய வந்தது. எப்படித் தெரிய வந்தது? மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் வளர்ந்து அதை வாசித்தார்கள்! மனம் கொதித்தார்கள். மிஷனில் படித்து அங்கேயே வேலையும் பார்த்த சட்டாம்பிள்ளை என்பவர் வெள்ளைக்காரப் பாதிரிமாரோடு பிணங்கிப் பிரிந்து, 1857ல் நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் தயவில்லாத தனிச் சபையையே ஏற்படுத்திக்கொண்டார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கால்டுவெல் எழுதியது தவறு என்று எதிர்த்தார்கள். நாடார் மக்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே ஆராய்ந்து பல சிறு நூல்கள் எழுதி அச்சிட்டார்கள். கடைசியில் கால்டுவெல்லின் அந்த நூல் திரும்பப் பெறப்பட்டது.

இதை யோசித்துப் பார்க்கும்போது எனக்கு இரண்டு விஷயம் தோன்றுகிறது. ஒன்று, நல்லவரும் தவறு செய்வார். அவர் செய்த நன்மைக்காகத் தவறை மறைக்கவும் கூடாது. தவறுக்காக நன்மையைத் தள்ளிவிடவும் கூடாது. இரண்டாவது, அவருக்குப் பதில் எழுதிய கையில் பேனாவைக் கொடுத்தது மிஷன் பள்ளிக்கூடம்தான். உண்மையான கல்விக்கு இதுதான் அடையாளம். கற்றுக் கொடுத்தவரையே நிறுத்திக் கேள்வி கேட்கிற தைரியத்தை அது கொடுத்துவிடும்.

பிற்காலத்தில் கால்டுவெல்லுக்குப் பதவிகள் வந்தன. 1877ல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். அப்போது தென்னாட்டில் தாது வருஷப் பஞ்சம். பசித்த சனங்களுக்கு உதவும் வேலையில் அவரும் இறங்கினார். பழைய கொற்கைத் துறைமுகம் இருந்த இடத்தில் மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார். 1881ல் திருநெல்வேலிச் சரித்திரத்தை நூலாக வெளியிட்டார். 1883ல் தூத்துக்குடிக்குக் குடிபோனார். 1891 ஜனவரியில் பதவியை விட்டு ஓய்வு பெற்று, அதே ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி கொடைக்கானலில் காலமானார். வயது 77.

மலையிலேயே அடக்கம் செய்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவர் உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, முப்பத்து மூன்று வருடம் பாடுபட்டுக் கட்டிய அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னால் நடந்து வந்து சேர்ந்த ஊருக்கே திரும்பி வந்தார். எலைசா அம்மாள் 1899ல் காலமானார்.

1968ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை வைத்தார்கள். 2010ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. 2011ல் இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீடு தமிழக அரசின் நினைவு இல்லமாயிற்று.

பெற்றோர்களே! லயத்துப் பிள்ளை படித்து என்ன ஆகப்போகிறது என்று நம்மில் சிலர் இன்னமும் கேட்கிறார்கள். தேரிமணலில் பனையேறி மகன் படித்து என்ன ஆனான் என்பதைத்தான் மேலே சொன்னேன். தன்னைப் பற்றித் தப்பாக எழுதின பெரிய மனிதருக்கே பதில் எழுதுகிறவனாக ஆனான். நம் தோட்டங்களில் பல இன்று வீட்டுமனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. அங்கே வாழ்ந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதை வணங்கினார்கள், எதற்காக அழுதார்கள் என்று வெளியிலிருந்து யாராவது வந்து எழுதுவார்கள். நல்லெண்ணத்தோடுதான் எழுதுவார்கள். ஆனாலும் தவறு வரும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறி வாங்குகிற பரிசுப் புத்தகத்தை வீட்டில் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். படியுங்கள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தாத்தா பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் காட்டில் வேலை செய்தார்கள், எந்த மரத்தடியில் சாமி வைத்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு யார் பலகை சுமந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நம்ம கதையை நம்ம பிள்ளைகளே எழுதட்டும்.