அயல்நிலத்துச் செவி

டி. எஸ். எலியட்டை ஆங்கிலக் கவிஞர் என்போரும் உளர். அமெரிக்கக் கவிஞர் என உரிமை கொண்டாடுவோரும் உளர். இவ்வழக்கு எளிதில் தீர்வதன்று. அவர் வாழ்க்கையே இரு தரப்பினருக்கும் சான்று தருகிறது.

1888 செப்டம்பர் 26ஆம் நாள், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள செயின்ட் லூயி நகரில் எலியட் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தத்துவமும் வடமொழியும் பயின்றார். 1914இல் ஓராண்டுப் படிப்புக்காக ஐரோப்பா வந்தார். ஜெர்மனியில் இருந்தபோது போர் மூளவே, லண்டனை அடைந்து, பின் ஆக்ஸ்போர்டில் சேர்ந்தார். 1915 ஜூனில் விவியன் என்னும் ஆங்கிலப் பெண்ணைப் பெற்றோர் அறியாமலே மணந்தார். அக்கோடையில் அமெரிக்கா சென்று பெற்றோரைக் கண்டு திரும்பினார். அதுவே தந்தையைக் கண்ட கடைசி முறை. 1919 ஜனவரியில் தந்தை மறைந்தார். மகன் வாழ்வைக் கெடுத்துக்கொண்டான் என்னும் எண்ணத்தோடேயே அவர் போய்விட்டார் என்ற துயர் எலியட்டை விடவில்லை.

வேற்றுமொழி நாட்டில் குடியேறுவோரின் பிழைகளை ஊரார் பொறுப்பர். அதே மொழி பேசும் நாட்டிற்குச் செல்பவரையோ வாய் திறந்த முதற்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். 1916இல் ஹைகேட் பள்ளியில் எலியட் பாடம் நடத்தியபோது, சிறுவர்களுக்கு அவர் அமெரிக்க ஆசிரியர்தாம். பிற்காலத்தில் கவிஞராய்ப் புகழ்பெற்ற ஜான் பெட்ஜமன் அச்சிறுவருள் ஒருவர். 1917இல் எலியட் லாயிட்ஸ் வங்கியில் பணியேற்றார். கருநிற உடை, வட்டத் தொப்பி, கைக்குடை, அளந்த பேச்சு என நகரத்து எழுத்தர்களுள் ஒருவராகவே மாறினார். அந்த ஒழுங்கின் மிகையைக் கண்டு நண்பர்கள் முறுவலித்தனர்.

ஆயினும் செவி அயலாகவே இருந்தது. ஊரில் பிறந்தவர் ஊரின் ஓசையைக் கேட்பதில்லை. வந்து சேர்ந்தவரே கேட்கிறார். 1922இல் வெளிவந்த 'பாழ்நிலம்' நெடுங்கவிதையில் ஒரு மதுவிடுதிக் காட்சி வருகிறது. போரிலிருந்து கணவன் திரும்பும் தோழியைப் பற்றி ஒருத்தி வம்பளக்கிறாள். கடை மூடும் நேரமாயிற்றென ஒரு குரல் இடையிடையே விரைவுபடுத்துகிறது. அப்பேச்சு வீட்டுப் பணிப்பெண் வாயிலாக எலியட்டுக்குக் கிடைத்தது. லண்டன் வழக்கு வழுவாதிருக்க விவியனும் அப்பகுதிக்கு வரி தந்து உதவினார். மொத்தக் கவிதையையும் வெட்டிச் செப்பனிட்டவர் எஸ்ரா பவுண்ட்; அவரும் ஓர் அமெரிக்கரே.

1927 ஜூனில் எலியட் ஆங்கிலத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றார். நவம்பரில் பிரிட்டிஷ் குடியுரிமை ஏற்றார். 1935இல் ஸ்டில்டன் பாலாடைக்கட்டியின் பெருமைக்காக 'டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு ஆங்கிலேயராகியிருந்தார். இரண்டாம் உலகப்போரில் வான்தாக்குதல் காவலராய்த் தொண்டாற்றினார். லண்டன்மீது குண்டுகள் பொழிந்த அந்நாட்களிலேதான், 1941இல் வெளிவந்த 'தி டிரை சால்வேஜஸ்' கவிதைக்குள் மிசிசிப்பி ஆறும் மாசசூசெட்ஸ் கடலும் திரும்பி வந்தன. தம் கவிதையின் ஊற்று அமெரிக்காவே என முதுமையில் அவரே ஒப்புக்கொண்டார்.

1965 ஜனவரி 4ஆம் நாள் லண்டனில் அவர் காலமானார். அவர் விருப்பப்படி, சாம்பல் சாமர்செட் பகுதியிலுள்ள ஈஸ்ட் கோக்கர் சிற்றூர்க் கோயிலில் வைக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் அவர் முன்னோர் அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஊர் அதுவே. நடை, உடை, குடியுரிமை யாவற்றையும் மாற்றிக்கொண்ட கவிஞரால், பிள்ளைப் பருவத்தில் கேட்ட ஆற்றின் ஓசையை மட்டும் மாற்றிக்கொள்ள இயலவில்லை. கவிதைக்கு அதுவே நன்மையாயிற்று.