ஸர் ஆர்தர் காட்டன்: ஆற்று மணலிற் கற்ற ஆசான்

நீரின் இயல்பைக் கூறும் சாத்திரம் நம் கல்லூரி மாணவர்க்குப் பெரும்பாலும் கரும்பலகையின் மேலேயே அறிமுகமாகின்றது. பெர்னூலியின் சமன்பாடும், கண்ணாடிக் குழாயில் ஏறியிறங்கும் நீர்மட்டமும், பரீட்சைக்குரிய கணக்குகளும் முடிந்தவுடன் அச்சாத்திரமும் முடிந்ததெனப் பலர் எண்ணிவிடுகின்றனர். எண்ணும் எழுத்தும் இன்றியமையாதனவே. அவற்றை நாம் இகழ்கின்றோம் அல்லோம். ஆயினும், நீரியலைக் கற்க விரும்புவோன் நீரின்முன் மாணாக்கனாக நிற்றல் வேண்டும் என்பதற்கு ஸர் ஆர்தர் காட்டன் என்னும் பெரியாரின் வாழ்க்கை தக்க சான்றாகும். அதனை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள், ஹென்றி கால்வெலி காட்டன் என்பாரின் பத்தாவது புதல்வராய் இங்கிலாந்தில் தோன்றினார். இளமையிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அடிஸ்கம் இராணுவப் பள்ளியிற் சேர்ந்து பயின்று, 1821-ல் சென்னை இராஜதானிக்கு வந்தார். அப்பொழுது அவருக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. பாம்பன் கால்வாயை ஆராய்ந்தார். முதற் பர்மிய யுத்தத்திலும் பணிபுரிந்தார். 1828-ஆம் ஆண்டு முதல் காவிரிப் பாசனத்தில் அவர் கருத்துச் செல்லலாயிற்று.

அக்காலத்தே தஞ்சைத் தரணிக்கு ஒரு பேரிடர் நேர்ந்திருந்தது. திருவரங்கத் தீவின் தலைப்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, வடகிளை கொள்ளிடம் என்றும் தென்கிளை காவிரி என்றும் பெயர்பெறுகின்றது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. அதன் சரிவும் மிகுந்தது. நீர் பள்ளத்தை நாடும் இயல்பினது ஆகலின், ஆண்டுதோறும் கொள்ளிடத்திற் செல்லும் பங்கு பெருகிற்று. காவிரியிலோ வேகம் குறைந்தது. வேகம் குறைந்தமையால் மணல் தங்கிற்று. மணல் தங்கியமையால் படுகை மேலும் உயர்ந்தது. இவ்வாறு நோயே நோயை வளர்க்க, வயல்கள் நீரின்றி வாடின. 1804-ல் கால்டுவெல் என்னும் படைத்தலைவர் இதனை ஆராய்ந்து, கல்லணையைச் சிறிது உயர்த்தினார். அது முற்றிய நோயைத் தீர்க்கவில்லை.

கொள்ளிடத்தின் தலைப்பிலேயே ஓர் அணை வேண்டுமெனக் காட்டன் கண்டார். ஆனால், ஆழங்காண இயலாத மணலின்மேல் அணை நிற்பது எங்ஙனம்? பாறையில் அடித்தளம் இடுதலே கட்டடக்கலையின் முதற்பாடம். இங்கே பாறை இல்லை. இவ்வையத்திற்கு அவர் விடை கண்டது கல்லணையினிடத்தே. கரிகாற் சோழன் கட்டியதாகப் போற்றப்படும் அவ்வணை, ஏறத்தாழ 1080 அடி நீளமுடையதாய், வளைந்து நெளிந்து, பெருங்கற்களாலும் களிமண்ணாலும் ஆகி, மணலின்மேலேயே பன்னூற்றாண்டு நின்றது. கற்கள் ஓரளவு மணலில் அமிழ்ந்தபின் மேலும் அமிழாது நிலைபெறுதலை அவர் உற்றுநோக்கினார். நூலொன்றும் எழுதிவையாத கட்டடக்காரர்கள் கல்லில் எழுதிவைத்த பாடத்தை, ஆளும் இனத்தைச் சேர்ந்த அவ்விளைஞர் பணிவுடன் படித்தனர். தளர்ந்த மணலில் அடித்தளம் இடும் வகையைப் பண்டை இந்தியரிடமே கற்றதாகப் பிற்காலத்தில் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டமை, அவர் பெருந்தன்மைக்கு அடையாளமாம்.

1836-ல் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையும் எழுந்தன. மணலிற் கிணறுகளை இறக்கி, அவற்றின்மேற் சுவர் எழுப்பி, சுவரைத் தாண்டி விழும் நீர் அடியைத் தோண்டாதவாறு பின்புறம் கற்றளமும் பரப்பினர். நம் மாணவர் இங்கே ஒன்று கருதுக. அணையின் முன்புறம் தேங்கிய நீர், மணலினூடே கசிந்து பின்புறம் வெளிப்பட முயலும். கசியும் வழி குறுகியதாயின் வேகம் மிகும். வேகம் மிகின் மணல் பெயரும். மணல் பெயரின் அணை சாயும். மணலிற் கசியும் நீருக்கு டார்சி என்னும் பிரெஞ்சு அறிஞர் விதி கண்டு வெளியிட்டது 1856-ல். அதாவது மேலணை கட்டி இருபது ஆண்டுகள் கழிந்தபின்னரே. சூத்திரம் பிறக்குமுன் அணை நின்றது. அணைக்குமுன் கல்லணை நின்றது.

ஆயினும் நீர் எளிதில் அடங்கும் மாணாக்கன் அன்று. மேலணை எழுந்தபின் காவிரியில் நீர் மிகுதியாகப் பாய்ந்து, படுகையை அரிக்கத் தொடங்கிற்று. முன்னே வறட்சியை அஞ்சிய நாடு இப்பொழுது வெள்ளத்தை அஞ்சிற்று. ஆகவே, மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பிலும் ஒரு தளம் கட்டவும் நேர்ந்தது. ஒரு கிளையைத் தொட்டால் மறுகிளை விடையளிக்கும் என்பதே இதனாற் பெற்ற பாடம்.

1837-ல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை கல் ஏற்றிச் செல்ல அமைந்த இருப்புப்பாதையும் காட்டனின் முயற்சியே. இடையே உடல்நலம் குன்றி டாஸ்மேனியாத் தீவிற் சிலகாலம் தங்கி, 1841-ல் ஆங்கு மணம்புரிந்து மீண்டார். பின்னர்க் கோதாவரி அவரை அழைத்தது. 1833-ஆம் ஆண்டுப் பஞ்சத்தால் நலிந்த அந்நாட்டிலே, கரைபுரண்ட ஆறு கடலுக்கு ஓட, மக்கள் பட்டினியால் மாண்டது அவர் உள்ளத்தை வருத்திற்று. தவளேசுவரத்தில் 1847-ல் தொடங்கி, 1852-ல் அணை முடிந்தது. தீவுகளுக்கிடையே நான்கு பகுதிகளாய், ஏறத்தாழ 2¼ மைல் நீளமுடைய அவ்வணை, பஞ்ச பூமியை நெற்களஞ்சியமாக்கிற்று. கோதாவரி மக்கள் இன்றும் அவரைச் சிலை நிறுவி வணங்குகின்றனர்.

1861-ல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. இருப்புப்பாதையினும் நீர்வழிகளே இந்நாட்டிற்கு நலம் என்று அவர் இறுதிவரை வாதாடினார். அதனால் எதிரிகளையும் தேடிக்கொண்டார். அவர் எண்ணியவை யாவும் பலித்தில. கர்நூல்–கடப்பைக் கால்வாயை வெட்டிய கம்பெனி நட்டத்தில் மூழ்க, 1882-ல் சர்க்கார் அதனை ஏற்க நேர்ந்தது. ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தியும் எளிய வாழ்வும் உடைய அவர், முதுமையிலும் டார்க்கிங் நகரிற் பயிர்த்தொழிற் சோதனைகள் நடத்தி, 1899-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் தம் 96-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

நிற்க. காவிரியும் கோதாவரியும் தொலைவில் உள்ளனவே என்று நம் மாணவர் கருதற்க. தேனுபுரீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற மாடம்பாக்கத்தின் ஏரி, தாம்பரத்திலிருந்து நடந்துசெல்லும் தொலைவினதே. ஏரி ஒன்றிற்குக் கரையும் மதகும் கலங்கலும் எதற்கென்று வினவுக. மதகின் மேல் நிற்கும் நீரின் உயரம் நான்கு மடங்கானால், வெளிப்படும் வேகம் இரண்டு மடங்கே ஆகும். கலங்கலின் மேல் வழியும் நீரின் உயரம் நான்கு மடங்கானாலோ, வழிந்தோடும் அளவு எட்டு மடங்காகும். வெள்ளத்தை மதகு தாங்காது, கலங்கலே தாங்கும் என்பதை நம் முன்னோர் சமன்பாடின்றியே அறிந்திருந்தனர். கலங்கலின் வழியை வீடுகளால் அடைப்போமாயின், அவ்வெட்டு மடங்கு நீரும் தெருவையே வழியாக்கிக்கொள்ளும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செண்டிமீட்டர் மழை பெய்தபோது இச்சுற்றுப்புறம் கண்ட துயரை யாவரும் அறிவர். 2018 ஆகஸ்டு 22 அன்று முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. பெரியோர் கட்டியதேனும் காவாதொழியின் நில்லாது என்பது தெளிவு.

ஆதலின், நீரியல் பயிலும் இளைஞர் புத்தகத்தை மூடவேண்டுவதில்லை. புத்தகத்துடன் ஏரிக்கரைக்குச் செல்க. கலங்கலின் அகலத்தை அளக்க. வரத்துக் கால்வாயைத் தேடுக. கரையைக் காத்த முதியோரிடம் வினவுக. அறிந்தோர் எவராயினும் அவரிடம் பணிந்து கற்ற காட்டனின் மனம் நம் மாணவர்க்கும் வாய்க்குமாயின், அவர்தம் கல்வியால் இந்நாட்டின் நீரும் நிலமும் உயிரும் நலம் பெறும்.