சத்தத்தை வெளிச்சத்துல பார்த்த ராமன்

கம்பம் பக்கம் பெரியாத்துத் தண்ணி வர்ற வாய்க்கால்ல குப்பை அடைச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். கால் சிரையில் ரத்தம் உறைஞ்சாலும் அதே கதைதான். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. தோலைக் கீறாமல், மீயொலியை ஒரே இடத்தில் குவிச்சுக் கட்டியை உடைக்கும் கருவிகளை இப்ப வடிவமைக்கிறாங்க. குவியம் கொஞ்சம் தள்ளி விழுந்தா சிரைச் சுவரே புண்ணாகும். சரி, கண்ணுக்குத் தெரியாத ஒலி எங்க குவியுதுன்னு எப்படிப் பார்ப்பீங்க?

இங்கதான் சி.வி.ராமன் வர்றார். 1888ல் திருச்சியில் பிறந்தவர். கல்கத்தாவில் அரசு நிதித்துறை வேலை, மிச்ச நேரத்தில் ஆய்வு. வீணை, மிருதங்கத்தைக்கூட விட்டுவைக்கல. 1930 நோபல் பரிசுக் கதையைப் பள்ளியிலேயே படிச்சிருப்பீங்க, விடுங்க.

மீயொலி ஓடும் திரவத்துக்குள் ஒளியை அனுப்பினா அது பல கதிர்களாப் பிரியுதுன்னு 1932ல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் கண்டாங்க. ஏன் அத்தனை கதிர்கள்? அப்போ பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் இருந்த ராமன், நாகேந்திர நாத்தோடு சேர்ந்து 1935-36ல் விடை சொன்னார். ஒலி போகும்போது திரவம் இடத்துக்கு இடம் இறுகும், தளரும். இறுகின இடத்தில் ஒளி சற்றுத் தாமதிக்கும். அதன் அலைமுகப்பு தகரக் கூரை மாதிரி நெளியும். அந்த நெளிவிலிருந்துதான் பல கதிர்கள். ஒலியின் பலத்துக்கேத்த மாதிரி வெளிச்சம் அவற்றுக்குள் பங்கு பிரியும். அதனாலதான் கருவியைத் தண்ணித் தொட்டியில் வெச்சு, குறுக்கே ஒளி பாய்ச்சி, ஒலிக்கற்றையையே படம் பிடிக்க முடியுது.

அதே வருஷங்களில் நிறுவனத்துக்குள் அவருக்குக் கடும் எதிர்ப்பு. 1937ல் இயக்குநர் பதவியை விட்டார். ஊரை விடல, 1948ல் தனக்கென ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கி, 1970ல் இறக்கும்வரை பெங்களூரிலேயே இருந்தார்.