மதிலேறிக் குதித்த தோட்டக்காரர்

பூங்காவில் ஊஞ்சல் ஆடியிருப்பீர்கள். அது யாருடைய பூங்கா என்று கேட்டால், எல்லோருக்கும் பொது என்பீர்கள். 200 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அழகிய தோட்டங்கள் பெரும்பாலும் பிரபுக்களின் மதிலுக்குள்தான் இருந்தன.

அந்நாட்டின் மில்டன் பிரையன் கிராமத்தில், 1803ம் ஆண்டு ஒரு விவசாயியின் ஏழாவது மகனாகப் பிறந்தார் ஜோசப் பாக்ஸ்டன். சிறு வயதிலேயே தோட்ட வேலைக்குப் போய்விட்டார். லண்டன் அருகே அவர் வேலை பார்த்தபோது, டெவன்ஷயர் கோமகன் அவரது சுறுசுறுப்பைக் கண்டு, தம் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குத் தலைமைத் தோட்டக்காரர் ஆக்கினார். அப்போது பாக்ஸ்டனுக்கு வயது 22!

1826 மே மாதம், அதிகாலை நாலரை மணிக்கே சாட்ஸ்வொர்த் வந்து சேர்ந்தார். கதவு திறக்கவில்லை. காத்திருக்கப் பொறுமையின்றி மதிலேறி உள்ளே குதித்துவிட்டார். (நீங்கள் முயற்சி செய்யாதீர்கள்!) தோட்டம் முழுவதும் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு ஆட்கள் வந்ததும் வேலையைத் தொடங்கிவிட்டார். அன்று காலை உணவின்போது சந்தித்த சாரா என்ற பெண்ணையே மறு ஆண்டு மணந்தார்.

லிவர்பூலுக்கு எதிரே, மெர்சி ஆற்றின் மறுகரையில் உள்ள ஊர் பர்க்கன்ஹெட். கப்பல் தொழிலால் மக்கள் பெருகினர். காலாற நடக்க ஓர் இடம் வேண்டாமா? 1843ல் சட்ட அனுமதி பெற்று, ஊர் நிர்வாகம் பொதுப்பணத்தில் 226 ஏக்கர் நிலம் வாங்கியது. அதைப் பூங்காவாக்கும் பொறுப்பு பாக்ஸ்டனிடம் வந்தது.

நிலமோ சேறும் சகதியும்! பாக்ஸ்டன் வடிகால் அமைத்தார். ஏரிகள் வெட்டி, தோண்டிய மண்ணைக் குன்றுகளாகக் குவித்து மரங்கள் நட்டார். வண்டிகளுக்கு ஒரு பாதை, நடப்பவர்களுக்குத் தனிப் பாதை. பணத்துக்கு என்ன வழி? சுமார் 125 ஏக்கரைப் பூங்காவுக்கு ஒதுக்கிவிட்டு, சுற்றியிருந்த நிலத்தை வீட்டு மனைகளாக விற்றனர். பூங்கா பக்கத்தில் வீடு என்றால் கிராக்கி இருக்காதா! 1847 ஏப்ரல் 5ம் தேதி பூங்கா திறக்கப்பட்டது. உள்ளே போகக் காசு வேண்டாம்.

1850ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓம்ஸ்டட் இதைக் கண்டு வியந்தார். ஏழையும் பணக்காரரும் ஒரே புல்வெளியில் உலாவியது அவர் மனதில் பதிந்தது. பின்னாளில் நியூயார்க்கின் புகழ்பெற்ற சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்த இருவரில் ஒருவர் அவர்தான்.

1851ல் லண்டன் கண்காட்சிக்காக, சுமார் 3 லட்சம் கண்ணாடிகளால் பளிங்கு அரண்மனையைக் கட்டி, சர் பட்டம் பெற்றார் பாக்ஸ்டன். 1865ல் காலமானார். வேறிடத்துக்கு மாற்றிக் கட்டப்பட்ட அந்த அரண்மனை 1936ல் தீயில் அழிந்தது. பர்க்கன்ஹெட் பூங்காவில் இன்றும் குழந்தைகள் காசு கொடுக்காமல் விளையாடுகிறார்கள்.