அத்தியட்சர் லைட்புட்டும் ஏழு நிருபங்களும்

கிறிஸ்துமதத்தின் ஆதி சரித்திரத்தை ஆராய்ந்தோருள் ஜோசப் பார்பர் லைட்புட் என்பாரின் பெயர் முன்னணியில் வைத்து எண்ணப்படுவது. வேதாகமம் பயில்வோருக்கு அவருடைய கலாத்தியர் வியாக்கியானம் அறிமுகமானதே. ஆயினும் அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை எதன்பொருட்டுச் செலவிட்டார் என்பதை நம்முட் சிலரே அறிவர். ஆதலின் அதனை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவர் 1828-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ந் தேதி லிவர்ப்பூல் நகரிற் பிறந்தார். பர்மிங்காமிற் பள்ளிக் கல்வி முடித்துக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கலாசாலையைச் சேர்ந்தார். ஆங்கு அவருக்குப் பாடஞ் சொல்லிய வெஸ்ட்கட் என்பார் ஆயுள் முழுவதும் நண்பராயினார். 1851-ல் கிரேக்க இலத்தீன் இலக்கியப் பரீட்சையில் முதல்வராகத் தேறி, 1861-ல் பேராசிரியரானார். மணஞ் செய்துகொண்டிலர்.

அக்காலத்தே ஜெர்மனியில், டூபிங்கன் சர்வகலாசாலைப் பேராசிரியராகிய பௌர் என்பாரின் கொள்கை பெரும் பரபரப்பை உண்டாக்கியிருந்தது. பேதுருவைச் சார்ந்த யூதக் கட்சியும் பவுலைச் சார்ந்த புறஜாதிக் கட்சியும் நெடுங்காலம் தம்முட் பகைத்து நின்றன. இரண்டாம் நூற்றாண்டிலேதான் ஒன்றுபட்டன. புதிய ஏற்பாட்டு நூல்களிற் பல அப்பகையை ஆற்றுதற்கென்று பிற்காலத்தில் எழுதப்பட்டன என்பது அவர் கொள்கை. பவுலின் பெயரால் வழங்கும் நிருபங்களுள் நான்கையே அவர் மெய்யெனக் கொண்டார். இதனைக் கேட்டு வைதவர் பலர். காதை மூடிக்கொண்டவர் சிலர். லைட்புட் இவ்விரண்டுஞ் செய்திலர். பௌர் எழுப்பியது சரித்திர வினா. அதற்குச் சரித்திரத்தாலேயே விடை காணவேண்டும் என்பது அவர் துணிபு. அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறையார் எழுதிய கடிதங்கள் மெய்யாகவே அக்காலத்தனவாயின், அப்பகை அவற்றிற் காணப்படுகின்றதா, இல்லையா என்று பார்த்துவிடலாமன்றோ? அவற்றுள் தலையாயவை, முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரியிலிருந்து கிளெமெந்து கொரிந்து சபைக்கு எழுதியதும், அந்தியோகியாவின் அத்தியட்சராகிய இக்னாசியு எழுதியனவுமாம்.

இக்னாசியு, டிராஜன் சக்கரவர்த்தி காலத்தில், கொடிய விலங்குகளுக்கு இரையாக்கப்படும்பொருட்டுப் போர்வீரர் காவலில் ரோமாபுரிக்குக் கொண்டுசெல்லப்பட்டவர். வழியில் சிமிர்னாவிலும் துரோவாவிலும் தங்கியபோது ஆறு சபைகளுக்கும் பொலிகார்ப்பு என்பவருக்கும் நிருபங்கள் வரைந்தார். ஆனால் அவை நமக்கு வந்து சேர்ந்த விதம் பெருஞ் சிக்கலுடையது. பாடபேதமும் இடைச்செருகலும் தமிழ் பயிலும் நமக்குப் புதியனவல்ல. எனினும் இத்துணைச் சிக்கலை யாம் வேறெங்குங் கண்டிலேம். இடைக்காலத்தில் வழங்கிய நீண்ட வடிவில் பதின்மூன்று நிருபங்கள் இருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பிரதம அத்தியட்சராகிய அஷர், பழைய ஆங்கில ஆசிரியர் சிலர் எடுத்தாண்ட இக்னாசியுவின் வாக்கியங்கள் அந்நீண்ட பாடத்தோடு ஒவ்வாமை கண்டார். வேறொரு பாடம் இங்கிலாந்திலேயே மறைந்து கிடத்தல் வேண்டும் என ஊகித்துத் தேடினார். இலத்தீன் மொழிபெயர்ப்பொன்று அகப்பட்டது. அதனை 1644-ல் வெளியிட்டார். இரண்டாண்டின் பின் புளோரன்சு நகரத்து ஏட்டிலிருந்து அதற்கொத்த கிரேக்க மூலமும் அச்சேறிற்று. இவ்வடிவிலே மெய்யானவை ஏழு. வழக்கு முடிந்ததென்றிருக்க, 1845-ல் கியூரெட்டன் என்பார், எகிப்திய பாலைவன மடத்திலிருந்து லண்டனுக்கு வந்த சீரியமொழி ஏடுகளில் மூன்றே நிருபங்களைச் சுருங்கிய வடிவிற் கண்டு, இவையே இக்னாசியு எழுதியன, மற்றவை பிறர் கூட்டியன என்றார்.

லைட்புட் முதலில் கியூரெட்டன் பக்கமே நின்றார். தம் நூல்களிலும் அக்கருத்தையே வழங்கினார். பின்னர்தான் ஐயம் பிறந்தது. அர்மீனிய மொழியில் ஏழு நிருபங்களும் உள. அம்மொழிபெயர்ப்போ சீரியத்திலிருந்து செய்யப்பட்டது. ஆகவே சீரியத்தில் ஏழும் ஒருகாலத்தில் இருந்திருத்தல் வேண்டும். அதன் துண்டுகள் சில கிடைத்தும் உள்ளன. அத்துண்டுகளையும் அர்மீனியத்தையும் கியூரெட்டனின் ஏட்டோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டபோது, எல்லாம் ஒரே மொழிபெயர்ப்பின் வழிவந்தன என்பது புலனாயிற்று. எனவே அம்மூன்றும் மூலமல்ல. முழு நூலினின்று யாரோ திரட்டிய சுருக்கமே. ஜெர்மானியராகிய ஸான் என்பார் 1873-ல் ஏழே மெய்யென நாட்டியிருந்தார்; அவருக்குரிய பெருமையை லைட்புட் மறையாது அளித்தார். தாம் முன்பு பிழைபடக் கருதியதையும் தம் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். முப்பது ஆண்டளவும் மனத்திற் கிடந்த இவ்வாராய்ச்சி 1885-ல் வெளிவந்தது. இன்றும் ஏழு நிருபங்களே மெய்யென்பது அறிஞருட் பெரும்பாலோர் முடிபு. அவற்றின் காலத்தைக் குறித்து ஐயுறுவோர் உளர். கிளெமெந்துவும் இக்னாசியுவும் பேதுரு பவுல் இருவரையும் ஒருங்கே சிறப்பித்துப் பேசுகின்றனர். பௌர் கூறிய நெடும்பகைக்கு அங்கே இடங் காணவில்லை.

சரித்திர ஆராய்ச்சியென்றாலே விசுவாசத்திற்கு ஊறென அஞ்சுவோரும், விசுவாசமென்றாலே ஆராய்ச்சிக்குப் பகையென நகுவோரும் நம் விடுதியில் உளர். இரவு உணவிற்குப்பின் அவர்கள் வாதாடக் கேட்டிருக்கிறோம். அவ்வாதங்களில் யாரும் தாம் முன்பு பிழைத்ததாகச் சொல்லக் கேட்டிலோம்.

1874-ல் ஆசிரியர் பெயரின்றி ஒரு நூல் லண்டனில் வெளிவந்தது. சுவிசேஷங்கள் பிற்காலத்தன என்று அது வாதித்தது, பத்திரிகைகள் புகழ்ந்தன, பேரறிஞர் அத்தியட்சர் ஒருவரே அதனை எழுதினார் என்று ஊரார் பேசிக்கொண்டனர். எழுதியவர் பம்பாயில் வர்த்தகராயிருந்த வால்ட்டர் கேஸல்ஸ் என்பது பிற்பாடு தெரிந்தது. அந்நூல் வெஸ்ட்கட்டின் நேர்மையை ஐயுற்றுப் பேசியதே லைட்புட்டை எழுப்பிற்று. கேஸல்ஸின் ஒரு வாதம் இது: பழைய ஆசிரியர் ஒருவர் ஒரு சுவிசேஷத்தை எடுத்தாண்டதாகச் சபைச் சரித்திரகாரராகிய யூசேபியு சொல்லாவிடின், அவ்வாசிரியர் அதனை அறியார் என்பதே பொருள். லைட்புட் கிளெமெந்துவின் நிருபத்தை எடுத்துக்காட்டினார். அதில் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது வெளிப்படையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. யூசேபியுவோ அதனைக் குறிப்பிட்டிலர். ஆகவே அவருடைய மௌனம் சான்றாகாது. இவ்வொன்றே போதும். ஆனால் லைட்புட் கேஸல்ஸின் கிரேக்க இலக்கணப் பிழைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அது சற்று மிகையென்றே எமக்குத் தோன்றுகிறது.

1879-ல் அவர் தர்ஹாம் அத்தியட்சரானார். குருமாரிலிருந்தே அத்தியட்சர் பதவி படிப்படியாக எழுந்தது என்று 1868-லேயே எழுதிச் சிலரின் மனத்தாங்கலுக்கு ஆளானவர் அவ்வாசனத்தில் அமர்ந்தது வியப்பே. நிலக்கரிச் சுரங்கத்தாரும் கப்பல் கட்டுவோரும் மலிந்த நாடு அது. குருத்துவத்திற்குப் பயிலும் பட்டதாரி இளைஞரைத் தம் மாளிகையிலேயே வைத்துப் பயிற்றினார். பரந்த அத்தியட்சாதீனத்தைப் பிரித்து 1882-ல் நியூகாசில் தனியே அமையச் செய்தார். சண்டர்லாந்தில் தம் சொந்தச் செலவில் ஓர் ஆலயங் கட்டி, அதற்கு இரத்தசாட்சி இக்னாசியுவின் பெயரையே இட்டார்.

எஞ்சியது கிளெமெந்து. 1869-ல் அவர் பதிப்பித்தபோது இருந்த ஒரே கிரேக்கப் பிரதியில் இறுதிக்கருகே ஓர் ஏடு இல்லை. கான்ஸ்டான்டிநோப்பிளிற் கிடைத்த ஏட்டிலிருந்து 1875-ல் அக்குறை நிரம்பிற்று. முழுவதையும் புதிதாகப் பதிப்பிக்கத் தொடங்கினார், உடலோ தளர்ந்துவிட்டது. 1889-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ந் தேதி போர்ன்மத் நகரில் உயிர் நீத்தார். அவர் ஆசனத்தில் வெஸ்ட்கட் அமர்ந்தார். மறு ஆண்டு வெளிவந்த அப்பதிப்பில், பேதுரு ரோமாபுரியில் இருந்தது பற்றிய ஆராய்ச்சி முற்றுப்பெறாமல் நிற்கிறது. 2013-ல் தர்ஹாம் பேராலய நூல்நிலையத்தில் அவர் கைப்பட எழுதிய அச்சேறாத வியாக்கியானக் குறிப்புகள் காணப்பட்டு, மறு ஆண்டுமுதல் வெளிவந்தன.