அறிவை அளந்த அறிஞர்

நெல்லை மரக்காலால் அளக்கலாம். பொன்னைத் துலாக்கோலில் நிறுக்கலாம். ஆற்றின் ஆழத்தையும் கோலிட்டு அறியலாம். கண்ணுக்குப் புலனாகாத அறிவை எதனைக் கொண்டு அளப்பது? இவ்வினாவிற்கு விடைகாண முயன்றவருள் முதன்மையானவர் ஆல்பிரெட் பினே என்னும் பிரெஞ்சு நாட்டு உளநூல் அறிஞர். அறிவை அளக்க ஒரு கருவியைச் செய்தவரும் அவரே; அக்கருவியின் எல்லையை எடுத்துரைத்தவரும் அவரே.

இளமையும் கல்வியும்

பினே 1857ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் நீஸ் நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் மருத்துவர்; தாயார் ஓவியர். பெற்றோர் பிரிந்து வாழ நேர்ந்தமையால், பினே தாயாரின் அரவணைப்பில் வளர்ந்தார். பாரிசு மாநகரில் கல்வி பயின்று, 1878இல் சட்டத்தில் பட்டம் பெற்றார். ஆயினும் வழக்குரைக்கும் தொழிலில் அவர் மனம் செல்லவில்லை. மருத்துவம் பயிலத் தொடங்கி, அதனையும் இடையிலே விடுத்தார். பின்னர்த் தேசிய நூலகத்தில் அமர்ந்து, உள்ளத்தின் இயல்பை ஆராயும் நூல்களைத் தாமே கற்றுத் தெளிந்தார்.

பிழை தந்த பாடம்

அக்காலத்தில் பாரிசிலிருந்த சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்னும் புகழ்பெற்ற மருத்துவர் அறிதுயிலைப் பற்றி ஆராய்ந்து வந்தார். அவரிடம் சென்று சேர்ந்த பினே, அறிதுயிலில் ஆழ்ந்தவர்பால் காந்தம் வியத்தகு மாறுதல்களை உண்டாக்குகிறது என்று எழுதினார். பெல்ஜிய நாட்டு அறிஞர் டெல்பெஃப் இதனை மறுத்தார். ஆய்வு செய்வோர் எதனை எதிர்பார்க்கின்றனர் என்பதை நோயாளிகள் குறிப்பால் உணர்ந்து, அதற்கேற்ப நடந்துகொண்டனர் என்று அவர் காட்டினார். முதலில் எதிர்வாதம் புரிந்த பினே, நாளடைவில் உண்மையை உணர்ந்து, தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கேட்போரின் குறிப்பே விடையை மாற்றிவிடக்கூடும் என்னும் பாடத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பிறர் தூண்டுதலுக்கு உள்ளம் இணங்கும் வகையை ஆராய்ந்து, 1900இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

இரு மகளிர்

பினேக்கு மதலேன், ஆலிஸ் என்னும் இரு பெண்மக்கள் இருந்தனர். அவர்களுடைய வளர்ச்சியை அவர் உற்றுநோக்கிக் குறித்து வந்தார். நடைபயிலும் பருவத்தில் மூத்தவள், பற்றிக்கொள்ள மற்றொரு பொருள் அருகில் இருந்தால் மட்டுமே முன்பற்றை விடுவாள். அடிமேல் அடிவைத்துக் கருத்தோடு நடப்பாள். இளையவளோ விழுவதைப் பொருட்படுத்தாமல் அறையின் நடுவே சென்றுவிடுவாள். ஒரே வீட்டில் வளர்ந்த இருவரின் உள்ளப்போக்கும் இவ்வாறு வேறுபட்டிருந்தது. ஒருத்தியை அறிவுடையவள் என்றும் மற்றவளை அறிவு குறைந்தவள் என்றும் கூற இயலுமோ? அறிவு பலவகைப்பட்டது என்பதைப் பினே தம் வீட்டிலேயே கண்டார்.

தலையின் சுற்றளவைக் கொண்டு அறிவை மதிப்பிடலாம் என்று அந்நாளில் பலர் நம்பினர். பினேயும் பள்ளி மாணவர் பலரின் தலைகளை அளந்து பார்த்தார். நன்கு கற்போருக்கும் பின்தங்கியோருக்கும் இடையே காணப்பட்ட வேறுபாடு மிகமிகச் சிறிதாகவே இருந்தது. ஆகவே அவர் அவ்வழியைக் கைவிட்டு, கவனித்தல், நினைவில் இருத்தல், ஒப்பிடுதல், தீர்மானித்தல் முதலிய ஆற்றல்களை ஆராயத் தலைப்பட்டார்.

நுண்ணறிவுச் சோதனை

பிரான்சு நாட்டில் 1882இல் கட்டாயக் கல்விச் சட்டம் நிறைவேறியது. எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வந்தனர். அவர்களுள் சிலர் பாடங்களைப் பின்பற்ற இயலாமல் இடர்ப்பட்டனர். அவர்களுக்குத் தனி வகுப்பு அமைப்பது பற்றி ஆராய 1904இல் அரசாங்கம் ஒரு குழுவை நிறுவியது. பினே அதில் ஓர் உறுப்பினர். தனி வகுப்பு வேண்டுவோர் யாவர் எனத் துணிவது எளிதன்று. நோயுற்ற குழந்தையும், குறும்பு செய்யும் குழந்தையும், வறுமையால் கற்க வாய்ப்பில்லாத குழந்தையும் அறிவற்றவர் எனத் தவறாக ஒதுக்கப்படலாம். ஒரு சொல்லால் ஒரு குழந்தையின் வாழ்வே பாழாகலாம்.

ஆதலின் பினே, சீமோன் என்னும் இளம் மருத்துவருடன் சேர்ந்து, எளியதிலிருந்து அரியதாக ஏறிச்செல்லும் 30 சோதனைகளை 1905இல் வெளியிட்டார். ஏட்டுக் கல்வியின் துணையின்றி விடை கூறத்தக்கனவாக அவை பெரும்பாலும் அமைந்தன. 1908இல் அவற்றைத் திருத்தி, வயதுவாரியாக வகுத்தார். மூன்று வயதுக் குழந்தை மூக்கு, கண், வாய் இவற்றைச் சுட்டிக் காட்டவேண்டும். கேட்ட இரண்டு எண்களைத் திருப்பிச் சொல்லவேண்டும். ஐந்து வயதுக் குழந்தை சதுரம் ஒன்றைப் பார்த்து வரையவேண்டும். ஏழு வயதில் ஐந்து எண்களைத் திருப்பிச் சொல்லவேண்டும். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஆறு வயதினர்க்குரிய சோதனைகளில் மட்டும் தேறினால், அவனுடைய மன வளர்ச்சி ஆறு வயதின் நிலையில் உள்ளது எனலாம். இதுவே பின்னாளில் மன வயது என வழங்கலாயிற்று.

அளவும் நம்பிக்கையும்

அறிவு பிறவியிலேயே அமைந்துவிட்டது, அதனை வளர்த்தல் இயலாது என்று கூறியவர்களைப் பினே 1909இல் எழுதிய நூலில் வன்மையாக மறுத்தார். பின்தங்கிய மாணவர்க்கென அவர் பயிற்சிகளையும் வகுத்தார். குறிப்புக் காட்டியவுடன் சிலைபோல அசையாது நிற்றல், சில நொடிகளே கண்ட பல பொருள்களை நினைந்து எழுதுதல் முதலியன அவற்றுட் சில. விளையாட்டுப்போல் தோன்றும் இவை, கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்ப்பதற்கென அமைந்தவை.

1911ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், தம் 54ஆம் வயதில் பினே மறைந்தார். மறு ஆண்டில் செருமானிய அறிஞர் ஸ்டெர்ன், மன வயதைக் கால வயதால் வகுக்கும் முறையைக் கூறினார். ஈவை நூறால் பெருக்கி, நுண்ணறிவு ஈவு என ஓர் எண்ணாக வழங்கும் வழக்கமும் பின்னர் வந்தது. அமெரிக்காவில் சிலர் அவ்வெண்ணை என்றும் மாறாத பிறவி அளவாகக் கருதினர். மொழியறியாது அந்நாட்டிற்குக் குடியேற வந்த ஏழை மக்களையும் இத்தகைய சோதனைகளால் தாழ்வாக மதிப்பிட்டனர். உதவி வேண்டுவோரைக் கண்டறியப் பிறந்த கருவி, மக்களை ஒதுக்கும் கருவியாக மாறியது பெரிதும் வருந்தத்தக்கது.

உழவன் நிலத்தின் ஈரத்தை அறிவது, நீர் பாய்ச்சுவதற்கே அன்றி நிலத்தைக் கைவிடுவதற்கு அன்று. பினேயின் சோதனையும் அத்தகையதே. மாணவன் இன்று நிற்கும் இடத்தை அது காட்டும். நாளை அவன் சென்றடையும் இடத்தை வரையறுக்காது. அளவுகோலைப் படைத்தும் அதற்கு அடிமையாகாத அவ்வறிஞரின் பெருமையை உளநூல் உலகம் என்றும் போற்றும்.